காடாரம்பமும் நீராரம்பமும்: மேற்பெண்ணைப் படுகையின் நிலச்சொற்களும் மொழிபெயர்ப்பும்

பெங்களூரின் கிழக்கு விளிம்பில் காடுகோடிக்கு அருகே பட்டந்தூர் அக்கிரகாரம் என்னும் ஊர் உள்ளது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்து 1043ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இவ்வூர்ப் பகுதியில் கிடைத்துள்ளது. பெர்மாடி காவுண்டன் மகன் இராசராச வேளான் என்பான் பட்டந்தூரில் ஏரி அமைத்து, அதற்குத் தூம்பு வைத்து, கணபதி, துர்க்கை, சேத்திரபாலர் ஆகிய தெய்வங்களை எழுந்தருளுவித்தான் என்பது அதன் செய்தி. தந்தையின் பெயரிலுள்ள ‘காவுண்டன்’ கன்னட நாட்டு ஊர்த்தலைவரைக் குறிக்கும் சொல். மகனின் பெயரிலுள்ள ‘வேளான்’ சோழர் ஆட்சியில் வழங்கிய தமிழ்ப் பட்டம். ஒரு தலைமுறைக்குள் ஆட்சியின் மொழி மாறியிருப்பதை ஒரு குடும்பத்தின் பெயர்களே காட்டுகின்றன. ஆனால் மண்ணும் மழையும் மாறவில்லை. ஆதலால் ஏரி கட்டும் தொழிலும் மாறவில்லை. அத்தொழிலுக்குரிய சொற்கள் இரு மொழிகளிலும் என்னவாயின என்பதையும், அவற்றைப் பெயர்ப்பவர் எங்கெங்கே இடறுகின்றனர் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

படுகையின் அமைப்பு

பெண்ணையாறு நந்தி மலைக்கு அருகிலுள்ள சென்னகேசவ மலைச்சரிவில் தோன்றித் தேவனஹள்ளி, ஹொசகோட்டை, மாலூர்ப் பகுதிகளின் வழியே தெற்கு நோக்கி வந்து, ஓசூருக்கு அருகே கொடியாளத்தில் தமிழகத்திற்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி, கிருட்டிணகிரி, சாத்தனூர் அணைகளையும் திருக்கோவலூரையும் கடந்து கடலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. மொத்த நீளம் ஏறத்தாழ 430 கி.மீ.; அதில் கருநாடகத்திலுள்ளது 110 கி.மீ. அளவு. கன்னடத்தில் இதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். நந்தி மலைக்கு அருகிலேயே தோன்றி ஆந்திரத்திற்குச் செல்லும் பென்னாறு உத்தர பினாகினி எனப்படும். பெண்ணை, பென்னா என்னும் நாட்டுப் பெயர்களை வடமொழி வழக்கு சிவனது வில்லாகிய பினாகத்தோடு பொருத்திக் கொண்டது எனக் கருதுவதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

பெங்களூர் நகரம் ஒரு நீர்பிரி மேட்டின் மேல் அமைந்தது. மேட்டின் மேற்கே விழும் மழை விருசபாவதி, அர்க்காவதி வழியே காவிரியை அடையும். கிழக்கே விழுவது கோரமங்கலம், சல்லகட்டம், ஹெப்பாள் பள்ளத்தாக்குகளின் வழியே பெல்லந்தூர், வர்த்தூர், எலெ மல்லப்ப செட்டி ஏரிகளைக் கடந்து பெண்ணைக்குச் சேரும். கருங்கல் அடித்தளமும் அதன் மேல் மெல்லிய செம்மண்ணும் கொண்ட, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள இப்பீடபூமியில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஆழமற்ற பள்ளங்கள் உண்டு. அவற்றைக் குறுக்கே மறித்துக் கட்டிய கரைகள் உண்டு. ஓர் ஏரி நிரம்பி வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். மேற்பெண்ணையில் ஆறு என்பது பெரும்பாலும் ஏரிகளின் தொடரே. ‘ஆறு’ என்ற தமிழ்ச் சொல்லைக் கண்டவுடன் காவிரிக் கரையைக் கற்பனை செய்யும் வாசகருக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது மொழிபெயர்ப்பாளரின் கடமை.

நிலப் பயன்பாடும் இந்தச் சரிவையே பின்பற்றியது. மேட்டில் பாறையும் மேய்ச்சலும். இடைச்சரிவில் கேழ்வரகும் அதனூடே ‘அக்கடி’ எனப்படும் ஊடுவரிசைகளில் அவரை, துவரையும். ஏரிக் கரைக்குக் கீழே நெல்லும் கரும்பும் தோட்டப் பயிர்களும். ஏரி வற்றும் பருவத்தில் அதன் உட்பரப்பிலும் பயிரிட்டனர். இந்த உட்பரப்பைத் தமிழில் ‘உள்வாய்’ என்பர். கன்னடத்தில் ‘கெரெ அங்கள’, அதாவது ஏரியின் முற்றம். தமிழுக்கு வாயாகத் தோன்றியது கன்னடத்துக்கு முற்றமாகத் தோன்றியிருக்கிறது. கன்னட ஆவணத்தை அப்படியே ‘ஏரி முற்றம்’ என்று பெயர்த்தால் தமிழ் உழவர் எவரும் அதனை அறியார்.

மூன்று மொழி நிலம்

பி. எல். ரைசு தொகுத்த ‘எபிகிராபியா கர்நாடிகா’ வரிசையின் பத்தாம் தொகுதி, 1905இல் வெளிவந்தது, அன்றைய கோலார் மாவட்டத்தின் 1,347 கல்வெட்டுகளைக் கொண்டது. அவற்றுள் 714 கன்னடம், 422 தமிழ், 211 தெலுங்கு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தமிழாக இருப்பதற்குச் சோழர் ஆட்சி மட்டும் காரணமன்று. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்கர் வீழ்ந்தபின் இப்பகுதி நிகரிலிச் சோழ மண்டலமாயிற்று. 12ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் போசள விட்டுணுவர்த்தனன் இதனைக் கைப்பற்றினான். ஆயினும் போசளர் காலத்திலும் தமிழ்க் கல்வெட்டு நிற்கவில்லை. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட போசள இராமநாதன் காலத்துத் தொம்பலூர்க் கல்வெட்டுகள், அதாவது இன்றைய தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயில் கல்வெட்டுகள், தமிழிலேயே உள்ளன. அவற்றில் இவ்வூர் ‘இலைப்பாக்க நாட்டில்’ உள்ளதாகக் குறிக்கப்படுகிறது. இலைப்பாக்கம் என்பதே இன்றைய எலகங்கை. பகரம் ஹகரமாகத் திரியும் கன்னட ஒலிமாற்றத்தின் வழியே ‘பாக்க’ என்ற ஈறு ‘ஹக்க’, ‘ஹங்க’ என மாறி நிற்கிறது. ‘பள்ளி’ ‘ஹள்ளி’யானதும் இவ்வாறே. ஓசூரின் எல்லைக்கு இப்புறம் கெலவரப்பள்ளி, அப்புறம் மாரத்தஹள்ளி.

ஊர்ப்பெயர்களுள் ‘சந்திர’ என முடிவனவற்றை இங்கே தனியே சுட்டவேண்டும். பொம்மசந்திரம், சிங்கசந்திரம் முதலிய பெயர்களைக் காணும் தமிழர் அவற்றில் நிலவைத் தேடுகின்றனர். அது ‘சமுத்திரம்’ என்பதன் சிதைவு. பெரிய ஏரியைக் கடலாக உயர்த்திச் சொல்லும் மரபு தமிழகத்திலும் உண்டு; அம்பாசமுத்திரம் ஒன்று போதும். ஏரி மறைந்த பின்னும் பெயர் நிலைத்துவிடுகிறது.

இனச்சொல் வேறு, இணைச்சொல் வேறு

தமிழும் கன்னடமும் நெருங்கிய மொழிகள் ஆதலின், இவற்றிடையே மொழிபெயர்ப்பது எளிது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. நிலச்சொற்களில் அந்த நெருக்கமே இடரைத் தருகிறது. கன்னடக் ‘கெரெ’க்குத் தமிழ் இணை ‘ஏரி’. ஆனால் அதன் இனச்சொல் ‘சிறை’. நீரைத் தடுத்து நிறுத்தும் அணை என்ற பழம்பொருளில். ககரம் முன்னுயிருக்கு முன் சகரமாதல் தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் நிகழ்ந்தது, கன்னடத்தில் நிகழவில்லை. ஆகவே கன்னடத்தில் ‘கெரெ’, மலையாளத்தில் ‘சிற’, தெலுங்கில் ‘செருவு’. மூன்று மொழிகளும் அடைத்து வைத்த நீரை அடைப்பின் பெயராலேயே அழைக்க, தமிழ் மட்டும் அச்சொல்லைக் காவலுக்கும் தண்டனைக்கும் விட்டுக்கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டது.

‘வயல்’ இன்னும் நுட்பமானது. தமிழில் வயல் என்றால் நெல் விளையும் நீர்நிலம். கன்னட ‘பயலு’ அதன் இனச்சொல்லே. ஆனால் பொருள் வெட்டவெளி, திறந்த சமவெளி. நெல் நிலத்திற்குக் கன்னடம் ‘கத்தெ’ என்கிறது. புன்செய் வயலுக்கு ‘ஹொல’ என்கிறது. அது தமிழ்ப் ‘புலம்’. ‘பயலு’ என்று எழுதியிருந்த இடத்தில் ‘வயல்’ என்று பெயர்த்துவிட்டால், மேய்ச்சல் மந்தை ஒரே சொல்லில் நெல் விளையும் பூமியாகிவிடும்.

‘காடு’ என்ற சொல் இரு மொழிகளிலும் வனத்தைக் குறிக்கும். ஆனால் தருமபுரி, சேலம், கொங்குப் பகுதிகளில் “காட்டுக்குப் போகிறேன்” என்று ஒருவர் சொன்னால் அவர் தம் புன்செய் நிலத்திற்குச் செல்கிறார் என்பதே பொருள். இவ்விரு பொருள்களும் தற்செயலாகச் சேர்ந்தவையல்ல. காட்டை வெட்டி உழுத நிலம், உழவுக்கு வந்த பின்னும் தன் பழைய பெயரை விடவில்லை. ‘கொல்லை’யும் அப்படியே. காவிரிக் கழிமுகத்தில் அது வீட்டின் பின்புறம். ஆர்க்காட்டுப் பகுதியிலும் இப்படுகையிலும் அது மானாவாரி நிலம். கோலார்ப் பகுதித் தமிழ்க் கல்வெட்டுகளில் ‘கழனி’யும் ‘கொல்லை’யும் இணையாக வருமிடத்தில் தஞ்சை வழக்கைக் கொண்டு பொருள் காண்பது தவறாகும்.

இங்குத்தான் தலைப்பிலுள்ள இரு சொற்களும் உதவுகின்றன. ‘காடாரம்பம்’, ‘நீராரம்பம்’ என்பன தமிழ், கன்னட ஆவணங்கள் இரண்டிலும் வழங்கியவை. ‘ஆரம்பம்’ என்றால் இங்கே தொடக்கம் அன்று, வேளாண்மை. கன்னடத்தில் ‘ஆரம்ப’ என்பது பயிர்த்தொழிலைத் தனித்தும் குறிக்கும். காட்டை நம்பிச் செய்யும் வேளாண்மை ஒன்று, நீரை நம்பிச் செய்வது மற்றொன்று. இன்றைய அலுவலக வழக்கு இவற்றை ‘வறண்ட நிலம்’, ‘ஈர நிலம்’ என்று ஆங்கில வழியே எழுதுகிறது. வறட்சியும் ஈரமும் நிலத்தின் நிலையைச் சொல்கின்றன. பழைய சொற்களோ உழவன் எதைச் சார்ந்து நிற்கிறான் என்பதைச் சொன்னன. மழை பெய்த மறுநாள் புன்செயும் ஈர நிலமே என்பதை யாரும் மறுக்க இயலாது.

கீழும் கோடியும்

மடிவாளம் சோமேசுவரர் கோயிலின் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வேப்பூரைச் சேர்ந்த ஒருவர், வெங்காலூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் கொடையளித்ததைக் கூறுகிறது. வேப்பூர் இன்றைய பேகூர், வெங்காலூர் பெங்களூர். ஊர்ப்பெயர் வரலாற்றுக்காகவே இக்கல்வெட்டு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. நிலவரலாற்றுக்கு அதிலுள்ள ‘கீழ்’ என்னும் சொல்லே முதன்மையானது. அது உயர, தாழ்வைக் குறிக்கும் இடச்சொல் மட்டுமன்று. ஓர் ஏரியின் தூம்பு வழியே நீர் பெறும் உரிமையுடைய பரப்பு என்பது அதன் பொருள். பிற்காலத்தில் ‘ஆயக்கட்டு’, கன்னடத்தில் ‘அச்சுக்கட்டு’ என்று வழங்கியது இதுவே. ‘ஏரிக்கு அடியிலுள்ள நிலம்’ என்று பெயர்த்தால் நீரில் மூழ்கிய நிலமாகும். ‘ஏரிக்கு அருகிலுள்ள நிலம்’ என்றாலோ உரிமை மறைந்துபோகும்.

தூம்பு என்ற சொல் கன்னடத்தில் ‘தூபு’ என நிற்கிறது. நெட்டுயிரின் பின்வரும் மெல்லினம் கன்னடத்தில் கெடும் என்பதற்குத் தமிழ்க் ‘கூந்தல்’, கன்னடக் ‘கூதலு’. தமிழ்த் ‘தோண்டு’, கன்னடத் ‘தோடு’ என்பனவும் சான்று. மிகைநீர் வழியும் இடத்திற்கு வழங்கும் சொல்லோ மொழி எல்லையை மதிக்கவில்லை. தென்மாவட்டங்களில் கண்மாய் ‘மறுகால் பாயும்’. புதுக்கோட்டைப் பகுதியில் ‘கலிங்கு’ என்பர். வடமாவட்டங்களிலும் கிருட்டிணகிரி, திருப்பத்தூர்ப் பகுதிகளிலும் ‘ஏரி கோடி போயிற்று’ என்பர், கன்னடத்திலும் ‘கோடி’தான். இச்சொல்லைப் பொறுத்தவரை ஓசூர்க்காரருக்கு மதுரைக்காரரைவிடக் கோலார்க்காரரே நெருங்கியவர். நீரிறைக்கும் கருவியிலும் இதுபோன்ற படிநிலை உண்டு: கன்னடத்தில் ‘கபிலெ’, வட தமிழகத்தில் ‘கபிலை’, மேற்கே ‘கவலை’, தெற்கே ‘கமலை’.

அளவைச் சொற்களில் இப்படுகை தமிழகத்தை விட்டு முழுதும் விலகுகிறது. வேலியும் மாவும் பரப்பளவைகள். இங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளில் வரும் ‘கண்டகம்’, கன்னடக் ‘கண்டுக’, விதையளவை. எத்தனை விதை விதைக்கலாமோ அத்தனை நிலம். ஒரு கண்டகம் நெல் விதைக்கும் கழனி சிறியது. அதே ஒரு கண்டகம் கேழ்வரகு தூவும் கொல்லை அதனினும் பன்மடங்கு பெரியது. 1800இல் இவ்வழியே பயணம் செய்து 1807இல் மூன்று தொகுதிகளாகத் தம் குறிப்புகளை வெளியிட்ட பிரான்சிசு புக்கானனும் விதையளவால் நிலம் குறிக்கும் முறையைப் பதிந்துள்ளார். கண்டகத்தை ஏக்கராக மாற்றி அடைப்புக்குறிக்குள் தருவது இன்றைய பதிப்புகளில் வழக்கமாகிவிட்டது; கழனியா கொல்லையா என்று பாராமல் ஒரே வாய்பாட்டால் மாற்றப்படும் எண்கள் எதற்கும் பயன்படா. தமிழகராதியில் கண்டகம் என்பதற்கு முள் என்ற பொருளும் உண்டு என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

அளவையரின் சொற்கள்

ஏரி கட்டியவருக்கும் அதனைக் காப்பவருக்கும் நிலம் விடுதல் பழைய முறை. தமிழில் ‘ஏரிப்பட்டி’, கன்னடத்தில் ‘பிட்டுவட்ட’, ‘கட்டுக்கொடகி’, விசயநகரக் காலத்தில் ‘தசவந்தம்’. 1863இல் மைசூரில் பம்பாய் முறையைப் பின்பற்றி நில அளவையும் வரித்திட்டமும் தொடங்கியபோது இத்தகைய சொற்களின் இடத்தில் வேற்றுச் சொற்கள் வந்தமர்ந்தன. அவற்றுள் மிகுந்த விளைவை உண்டாக்கியது ‘கராபு’. கெட்டது, பாழானது என்னும் பொருளுடைய அரபுச் சொல் பாரசீகம், மராத்தி வழியே கன்னட ஆவணத்தில் நுழைந்தது. வரி விதிக்கப்படாத பரப்பு அனைத்தும் கராபு ஆயிற்று. அதிலும் இரு வகை: பயிருக்கு உதவாத பாறையும் மேடும் ‘அ’ கராபு, ஊர்ப்பொதுவுக்கு ஒதுக்கிய வண்டிப்பாதை, கால்வாய், நீர்நிலை முதலியன ‘ஆ’ கராபு. பாறையும் வாய்க்காலும் ஒரே பெயருக்குள் அடங்கின.

ஓசூர்ப் பகுதி 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சென்னை மாகாண ஆட்சிக்குள் வந்துவிட்டதால், ஆற்றின் அப்பகுதியில் இதற்கிணையாக வழங்கியது ‘புறம்போக்கு’. இது நேர்மையான சொல். வரிக்குப் புறம்பானது என்பதற்குமேல் அது நிலத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கன்னட ஆவணத்தின் ‘கராபு’ தமிழில் ‘தரிசு’ என்று பெயர்க்கப்படுவதை நிலப்பத்திர மொழிபெயர்ப்புகளில் காணலாம். தரிசு என்றால் உழக்கூடியது, உழாமல் கிடக்கிறது என்று பொருள். ஏரிகளை இணைக்கும் ‘ராஜகாலுவெ’, அதாவது பெருங்கால்வாய், ஒரு பத்திரத்தில் ‘ஆ’ கராபு எனக் குறிக்கப்பட்டு, மொழிபெயர்ப்பில் தரிசாகும்போது, வாங்குபவர் அதனைத் தம் மனையின் ஒரு பகுதியாக எண்ணிக்கொள்ள இடமேற்படுகிறது.

‘அமானிகெரெ’ என்ற பெயர் இதற்கு எதிரான எடுத்துக்காட்டு. ஹொசகோட்டைப் பெரிய ஏரி உட்பட இவ்வட்டாரத்தின் சில பெரிய ஏரிகளுக்கு இப்பெயர் உண்டு. குத்தகைக்கு விடாமல் அரசே நேரில் நடத்துவது ‘அமானி’. இதுவும் அரபு வழிவந்த வருவாய்த்துறைச் சொல்லே; தமிழகத்திலும் வழங்கியதே. ஆனால் இங்கே அது ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொண்டு, ஏரி எவருடைய பொறுப்பு என்பதை இன்றளவும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

முப்பது ஆண்டு

ஒரு சொல்லின் பொருள் இரு மாநில வழக்காக மாறக்கூடும் என்பதற்கு 1892ஆம் ஆண்டுச் சென்னை - மைசூர் ஒப்பந்தம் சான்று. காவிரி பற்றியதாகவே பலரும் அறிந்த அவ்வொப்பந்தத்தின் ஆற்றுப் பட்டியலில் தென்பெண்ணையும் பாலாறும் உள்ளன. பட்டியலிட்ட ஆறுகளில் சென்னை அரசின் இசைவின்றி மைசூர் புதிய பாசன ஏரிகளைக் கட்டலாகாது, பழையவற்றைப் பழுதுபார்க்கலாம். எது புதியது? முன்பு இல்லாதது மட்டுமன்று; முன்பு இருந்து, கைவிடப்பட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பயனின்றிக் கிடந்ததும் புதியதே என்று ஒப்பந்தம் வரையறுக்கிறது.

ஊர் வழக்கில் இப்படியொரு வகையே இல்லை. தமிழில் ஏரி ‘உடையும்’, ‘தூர்ந்துபோகும்’, ‘பாழ்படும்’. உடைந்த ஏரிக்குக் கரை மட்டுமே குறை. தூர்ந்த ஏரிக்குக் கொள்ளளவு குறைந்திருக்கும். தூம்பு வேலை செய்யும். பாழ்பட்டதற்கு ஆளே இல்லை. உடைந்த ஏரியை நெடுங்காலம் கழித்து எடுத்துக் கட்டியவரும் அதே ஏரியைத்தான் கட்டுகிறார். அதன் பெயரும் ஆயக்கட்டும் அப்படியே இருக்கும். ஒப்பந்தத்தின் வாசகத்தைத் தமிழில் தரும்போது ‘கைவிடப்பட்ட’ என்பதற்குப் பதில் ‘தூர்ந்த’ என்றோ ‘உடைந்த’ என்றோ எழுதினால், பழுதுபார்க்கும் உரிமைக்குள் வரவேண்டிய ஏரிகள் தடைக்குள் சென்றுவிடும். தூர்வாருதல் பழுதா புதுக்கட்டுமானமா என்ற கேள்விக்குச் சொல்லைத் தேர்பவரே விடை சொன்னதாகிவிடும். பெண்ணையின் கிளையான மார்க்கண்டேய ஆற்றில் யர்கோளில் கட்டப்பட்ட அணை தொடர்பாகத் தமிழக அரசு 2018இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தபோதும், அதன் இடைக்கால வேண்டுகோள் 2019 நவம்பரில் தள்ளுபடியானபோதும், 1892இன் சொற்களே மீண்டும் படிக்கப்பட்டன.

இதற்கிடையே நிலமும் மாறிவிட்டது. 1980களில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின் வழியே ஹொசகோட்டை, மாலூர், கோலார்ப் பகுதிகளின் கேழ்வரகுக் கொல்லைகள் பல தைல மரக் காடுகளாயின. கன்னடத்தில் அவற்றை ‘நீலகிரித் தோப்பு’ என்கின்றனர். ஊர்ப்பொதுவாக மாவும் புளியும் நின்ற ‘குண்டுத்தோப்பு’க்கு உரிய சொல் அது. ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் தூம்பைத் திறந்து மூடும் ‘நீருகண்டி’க்கு வேலை இல்லை. தமிழகத்தின் ‘நீர்க்கட்டி’க்கும் பல ஊர்களில் அதே நிலைதான்.

2018 முதல் பெங்களூரின் கழிவுநீர், தூய்மை செய்யப்பட்டு, கோலார் மாவட்ட ஏரிகளுக்குக் குழாய் வழியே ஏற்றப்படுகிறது. 126 ஏரிகளுக்கு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்பது திட்டம். பள்ளத்தை நோக்கி ஓடி வந்த நீர் முதன்முறையாக மேட்டை நோக்கிச் செல்கிறது. கெலவரப்பள்ளியில் நுரையோடு வந்து சேரும் நீரும் அதே நகரத்தினுடையதே. ஆனால் ஏற்றப்படுவதைக் குறிக்கும் அறிக்கை ‘சுத்திகரிக்கப்பட்ட நீர்’ என்கிறது. இறங்கி வருவதைக் குறிக்கும் செய்தி ‘கழிவுநீர்’ என்கிறது. முன்னது ஆலையில் தூய்மை செய்யப்பட்டு வருவது. பின்னதில் தூய்மை செய்யப்பட்டதும் செய்யப்படாததும் கலந்திருக்கும். கன்னட அறிக்கையையும் தமிழ்ச் செய்தியையும் அருகருகே வைத்துப் பெயர்ப்பவர், எந்த இடத்தில் எடுத்த நீர் என்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே சொல்லைத் தேர்தல் வேண்டும்.